"இது எங்க வந்தியத்தேவன் இல்ல": பொன்னியின் செல்வனுக்குப் பின்னால் வந்த நாவல்களை எப்படி எடை போடுவது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம்.)

காரைக்குடியிலிருந்து இன்னொரு எபிசோட்.

பொன்னியின் செல்வன் பற்றி எப்போ பேசினாலும் அதுக்கப்புறம் ஒரே கேள்விதான் வரும். "அஞ்சு பாகமும் முடிச்சாச்சு. அடுத்து என்ன? நந்திபுரத்து நாயகி படிக்கலாமா, வேண்டாமா?" இதுக்கு நம்ம குரூப்ல வர்ற பதில்களைப் பார்த்தா ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "தொடாதீங்க, மனசுல இருக்கிற படமே கெட்டுப் போயிடும்"னு சொல்லுது. இன்னொரு கட்சி, "கதை அந்தரத்துல நிக்குதே, அதை யாராவது முடிச்சு வைக்க வேண்டாமா?"ன்னு கேக்குது. ரெண்டு பக்கமும் அதே புத்தகத்தைத்தான் படிச்சிருக்காங்க. அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் விலகிப் போறாங்க?

இன்னைக்கு அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். வெளிநாட்டு ஃபேண்டஸி வாசகர்கள் இந்த மாதிரி நாவலை ஸ்பின்-ஆஃப்னு சொல்வாங்க. பொன்னியின் செல்வன் சரித்திர நாவல், ஃபேண்டஸி இல்லதான். ஆனா நம்ம ஆளுங்க அந்தக் கதைக்குள்ள குடியிருக்கிற விதம் அதே மாதிரிதான். வரைபடம் போடுறது, வம்சாவளி எழுதுறது, கொலையாளி யாருன்னு விடிய விடிய சண்டை போடுறது, எல்லாம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கல்கியோட மூணு சரித்திர நாவல்களின் முடிவும் இதில் வரும். படிக்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, படிச்சுட்டு வாங்க.

கதை எங்கே நிக்குது?

பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 அக்டோபர் கடைசியில் ஆரம்பிச்சு 1954 வரை வந்தது. கிட்டத்தட்ட மூணரை வருஷம். முடியுற இடத்தைக் கவனிங்க. எந்த இளவரசனோட பெயர் அட்டையில இருக்கோ, அவர் முடிசூடவே இல்ல. கிரீடத்தைத் தூக்கி உத்தம சோழன் தலையில வெச்சுட்டு ஒதுங்கிடுறார். வரலாற்றுக் கணக்குப்படி உத்தம சோழன் ஆட்சி சுமார் 970 முதல் 985 வரை. ராஜராஜன் அரியணை ஏறுறது 985ல். பெரிய கோயில் முடியுறது 1010ல். அதாவது, கதாநாயகன் வாழ்க்கையில பதினஞ்சு வருஷம் கதைக்கு வெளியே கிடக்குது. அவர் சாதிச்ச பெரிய காரியம் எல்லாம் அதுக்கும் அப்புறம்.

இன்னும் இருக்கு. குந்தவை வந்தியத்தேவன் கல்யாணத்தை நாம பார்க்கல. நந்தினி எங்கே போனான்னு தெரியல. ஆதித்த கரிகாலனைக் குத்தினது எந்தக் கைன்னு கல்கி பட்டவர்த்தனமா சொல்லல.

அன்னைக்கே வாசகர்கள் சும்மா இருக்கல. அவங்க கேட்டதை எல்லாம் எடுத்து வெச்சு கல்கி ஒரு முடிவுரை எழுதினார். யார் யார் பின்னாடி என்ன ஆனாங்கன்னு சுருக்கமா சொல்லிட்டுப் போறார். அதே 1954 டிசம்பர் 5ல காலமாகிட்டார். அதனால, கேள்விகள் உயிரோட இருக்கு, பதில் சொல்ல வேண்டியவர் இல்ல. அடுத்து வந்த எல்லா நாவலும் இந்த இடைவெளியிலதான் முளைச்சுது.

முதல் கிளைக்கதையை எழுதினது கல்கியேதான்

"அசலைத் தொடவே கூடாது"ன்னு சொல்றவங்க ஒண்ணை மறந்துடுறாங்க. கல்கி தன்னோட கதையிலிருந்தே கிளை விட்டவர்.

பார்த்திபன் கனவு 1941ல தொடங்கின தொடர். சிவகாமியின் சபதம் 1944ல ஆரம்பிச்சது. ஆனா கதை நடக்குற வரிசை தலைகீழ். சிவகாமியில இளைஞனா வர்ற மாமல்ல நரசிம்மன், முதல்ல எழுதின பார்த்திபன் கனவுல வயசான சக்கரவர்த்தி. பார்த்திபன் கனவுல ஒத்தைக் கையோட ஒரு கபால பைரவர் வந்து பயமுறுத்துவார். அவர் உண்மையில யாரு, அந்தக் கை எப்படிப் போச்சு, இதெல்லாம் பின்னாடி எழுதின நாவல்லதான் முழுசா விரியுது.

இன்னைக்குப் பாஷையில அது ப்ரீக்வெல். அதை எழுதும்போது கல்கிக்கே கை கட்டித்தான் இருந்திருக்கும். முடிவு ஏற்கெனவே அச்சாகி வாசகர் கையில இருக்கு, அதை மாத்த முடியாது. இருந்தும் பலருக்கு ரெண்டாவது புத்தகம்தான் உசத்தி. ஆக, கிளைக்கதைங்கிறதாலேயே ஒரு நாவல் மட்டமாகிடாது. என்ன வித்தியாசம்னா, அங்கே எழுதினவர் ஒரே ஆள். கை மாறும்போதுதான் பிரச்சனை ஆரம்பிக்குது.

நாலு புத்தகம், நாலு வழி

கை மாறி வந்த நாவல்கள் நிறைய இருக்கு. அடிக்கடி பேசப்படுற நாலை மட்டும் எடுத்துக்குவோம். நாலும் நாலு விதமான வேலை பார்க்குது.

முதல்ல அகிலனோட வேங்கையின் மைந்தன். இதுவும் கல்கி இதழ்ல தொடரா வந்ததுதான். 1963ல சாகித்திய அகாதெமி விருது வாங்குச்சு. அகிலன் நமக்குப் பக்கத்து மாவட்டக்காரர், புதுக்கோட்டைப் பக்கம் பெருங்களூர். கதை ஒரு தலைமுறை தள்ளி ராஜேந்திரன் காலத்துல நடக்குது. நாயகன் கொடும்பாளூர் இளங்கோ. வானதி பிறந்த அதே கொடும்பாளூர், இப்பவும் மூவர் கோயிலைப் போய்ப் பார்க்கலாம். இலங்கையில ஒளிச்சு வெச்ச பாண்டியர் மணிமுடியை மீட்கிற கதை. வந்தியத்தேவர் இதில் கிழவரா வர்றார். அகிலன் கல்கி கதையைத் தொடர்றேன்னு சொல்லிக்கிட்டு எழுதல. அதே உலகத்துல வேற காலத்துல, தனக்குன்னு ஒரு நாயகனை வெச்சு எழுதினார்.

ரெண்டாவது, விக்கிரமனோட நந்திபுரத்து நாயகி. விக்கிரமன் அமுதசுரபி ஆசிரியரா அரை நூற்றாண்டுக்கு மேல இருந்தவர், 2015ல காலமானார். நந்திபுரம்னா பழையாறை, நாயகின்னா குந்தவை. இது நேரடித் தொடர்ச்சி. கல்கி விட்ட இடத்திலிருந்து, கல்கியோட ஆட்களை வெச்சே, அந்தப் பதினஞ்சு வருஷ இடைவெளிக்குள்ள போகுது. ரொம்ப அடி வாங்குற புத்தகமும் இதுதான், ரொம்பப் பேர் தேடிப் போறதும் இதைத்தான்.

மூணாவது, பாலகுமாரனோட உடையார், ஆறு பாகம். ராஜராஜன் பெரிய கோயில் கட்டுற காலம். பஞ்சவன்மாதேவிக்குப் பெரிய இடம் உண்டு. பேர்கள் வரலாற்றிலிருந்து வர்றதால பல பேர் கல்கி ஆட்களோட ஒத்துப் போகும். ஆனா கல்லு எப்படி வந்துச்சு, யார் சுமந்தாங்க, யாருக்கு மரியாதை கிடைச்சுது, யாருக்குக் கிடைக்கலங்கிறதுதான் அவரோட அக்கறை. கல்கியைத் தொடர்றது அவர் நோக்கம் இல்ல.

நாலாவது, காலச்சக்ரம் நரசிம்மாவோட சங்கதாரா. இது எதிர்க்கட்சி. ஆதித்த கரிகாலன் கொலையில சந்தேகத்தைக் குந்தவை பக்கமே திருப்புது. கல்கி வாசகருக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கிடையாது.

வாசகர் கோபத்தை மூணாப் பிரிக்கலாம்

இப்போ, "பிடிக்கல"ன்னு சொல்றவங்க உண்மையில என்ன சொல்றாங்க? பல வருஷமா நான் கேட்ட கருத்துகளை மூணு கூடையில போடலாம்.

முதல் கூடை, குரல். "எல்லாம் சரி, ஆனா கல்கி மாதிரி இல்ல." பொன்னியின் செல்வன் ஆரம்பமே, கதை சொல்றவர் வாசகர் கையைப் பிடிச்சு, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்னைக்கு வீராணம் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுதான். அந்த ஆள் நம்மகிட்ட பேசுவார், கேலி பண்ணுவார், ஆபத்தான கட்டத்துல நம்மை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிடுவார். நாம வந்தியத்தேவன் ரசிகர்னு நினைச்சுக்கிறோம். பாதி நேரம் நாம ரசிச்சது அந்தக் கதைசொல்லியை. விக்கிரமன் அந்தக் குரல்ல பேச முடியாது. பேசினா நகல் எடுக்கிறார்னு திட்டுவோம், பேசலன்னா வறட்சின்னு திட்டுவோம். இந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனா இது அந்தப் புத்தகத்தோட குறை இல்ல, நம்ம இழப்பு.

ரெண்டாவது கூடை, ஆள். "இது எங்க வந்தியத்தேவன் இல்ல. அவன் இப்படிப் பண்ண மாட்டான்." இது முதல்ல சொன்னதைவிட முக்கியமான குற்றச்சாட்டு, ஏன்னா இதைப் பக்கம் காட்டி நிரூபிக்க முடியும். யோசிக்காம குதிரையைத் தட்டி விடுறவன், பொய் சொல்லி மாட்டிக்கிட்டு இன்னொரு பொய்யால தப்பிக்கிறவன், பொறுமையா உட்கார்ந்து அரசியல் பேசினா எதுக்குன்னு காரணம் வேணும். வயசாச்சு, அடிபட்டான், பொறுப்பு வந்துச்சுன்னு ஆசிரியர் காட்டினா ஏத்துக்குவோம். காட்டலன்னா பேர் மட்டும்தான் அவனோடது. வேங்கையின் மைந்தன்ல கிழட்டு வந்தியத்தேவரைப் பார்த்து ஏன் யாரும் பெருசா சண்டைக்குப் போகல? நடுவுல ஒரு வாழ்நாள் ஓடியிருக்கு. மாறியிருப்பார்னு நாமளே எடுத்துக்கிறோம். விக்கிரமனுக்கு அந்த வசதி இல்ல. அவர் கதை அடுத்த நாளே தொடங்குது, நேத்து பார்த்த ஆளை நாம இன்னும் மறக்கல.

மூணாவது கூடை, வரலாறு. "நடந்தது அப்படி இல்லயே." இங்கேதான் சண்டை சூடாகும், குழப்பமும் ஆகும். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பேரைச் சொல்லி, அந்தக் குடும்பத்து நிலங்கள் பற்றிப் பேசுது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன்னு பட்டம் இருக்கு. அதாவது அரசாங்கத்துல இருந்த ஆளு. கொலை நடந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகித்தான் இந்த நடவடிக்கை தெரிய வருது. ஏன் இவ்வளவு தாமதம்? உத்தம சோழன் மேல நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி இந்த ஆட்களைப் பாண்டிய ஆபத்துதவிகளா மாத்தி, நந்தினியைச் சேர்த்து, தன் கதையைக் கட்டினார்.

இப்போ பாருங்க. "குந்தவை கொலை பண்ணியிருக்க மாட்டாங்க, வரலாறு அப்படி இல்ல"ன்னு சங்கதாராவைத் திட்டுறவங்க பல பேர், வரலாறுன்னு நினைச்சுக்கிறது கல்கியோட கற்பனையைத்தான். கல்வெட்டுல நந்தினி கிடையாது. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவின்னு தஞ்சைக் கல்வெட்டு சொல்லுது, ஆனா அவர் குறும்புக்காரர்னு எந்தக் கல்லும் சொல்லல. ஒரு நாவலை இன்னொரு நாவல் மறுத்தா அது வரலாற்றுப் பிழை ஆகாது. கல்வெட்டை மறுத்தா மட்டும்தான் அந்த வார்த்தையைப் பயன்படுத்தலாம்.

வாரா வாரம் படிச்சவங்களும் ஒரே மூச்சுல படிச்சவங்களும்

இன்னொரு விஷயமும் கருத்தை மாத்துது, எப்படிப் படிச்சோம்ங்கிறது. எங்க ஊர்ப் பக்கம் பழைய வீடுகள்ல, வாரா வாரம் வந்த பக்கங்களைக் கிழிச்சு, மணியம் ஓவியங்களோட சேர்த்து பைண்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரி பழைய புத்தகம், இதழ்னு வாழ்நாள் பூரா சேர்த்தார். அந்தச் சேகரிப்புதான் பின்னாடி சென்னையில ரோஜா முத்தையா நூலகம் ஆச்சு.

தொடரா படிச்ச ஆச்சிமார்களுக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவுல ஒரு வாரம் கிடைச்சுது. அந்த ஏழு நாளும் அடுத்து என்னன்னு அவங்களே கதை கட்டினாங்க. மூணரை வருஷம் அப்படிக் கட்டினவங்களுக்கு இன்னொருத்தர் கட்டின தொடர்ச்சி பெரிய குற்றமாத் தெரியாது. "சரி, இவர் இப்படி நினைக்கிறார்"னு விட்டுடுவாங்க. நம்ம வயசு ஆளுங்க 2022லயும் 2023லயும் படம் பார்த்துட்டு, அஞ்சு பாகத்தையும் ஒரு மாசத்துல முடிச்சோம். சூடு ஆறாமலேயே அடுத்த புத்தகத்தை எடுக்கிறோம். ஒப்பீடு கடுமையாத்தான் இருக்கும். படம் மட்டும் பார்த்தவங்களுக்கு இன்னொரு சிக்கல். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன்ங்கிற கல்கியோட முடிச்சு படத்துல இல்ல. நாவலைத் தொடர்ற புத்தகத்தை நேரா எடுத்தா தலை சுத்தும்.

அனுமதி கொடுக்க ஆள் இல்ல

இதுல நமக்கு என்ன போச்சுன்னு கேக்கலாம். போகுது. கல்கியோட எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1999ல நாட்டுடைமை ஆக்குச்சு. அது நடக்காம இருந்திருந்தாலும், ஆசிரியர் இறந்து அறுபது வருஷம்ங்கிற சட்டக் கணக்குல 2014 முடிவோட உரிமை முடிஞ்சிருக்கும். யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம், சுருக்கலாம், தொடரலாம். இதனால நல்லதுதான் அதிகம். மதுரைத் திட்டத்துல இலவசமாப் படிக்கலாம், மலிவுப் பதிப்பு கிடைக்குது.

வெளிநாட்டுல நிலைமை வேற. 2016ல ஹாரி பாட்டர் அண்ட் த கர்ஸ்ட் சைல்ட் நாடகப் புத்தகம் வந்தப்போ, "இது எங்க ஹாரி இல்ல"ன்னு ரசிகர்கள் கத்தினாங்க. ஆனா ரௌலிங் பேர் அட்டையில இருந்துச்சு. அவங்க ஒப்புக்கிட்டா அது அதிகாரபூர்வம். நமக்கு அப்படிச் சொல்ல ஆளே கிடையாது. அதனால இங்கே வாசகர் கருத்துதான் ஒரே சோதனைச் சாவடி. அந்தக் கருத்து "சூப்பர்", "குப்பை"ன்னு ரெண்டு வார்த்தையில நின்னா, அடுத்து படிக்க வர்ற பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எதை நம்பி முன்னூறு ரூபாயைக் கொடுப்பான்?

சாஃப்ட்வேர்ல இதுக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கு. ஓப்பன் சோர்ஸ் கோடை யார் வேணும்னாலும் எடுத்து ஃபோர்க் பண்ணலாம். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து 2009ல மரியாடிபி பிரிஞ்சப்போ, பழைய புரோகிராம்கள் உடையாம ஓடுற மாதிரி பார்த்துக்கிட்டாங்க, ஆனா வேற பேர் வெச்சாங்க. எதிலிருந்து பிரிஞ்சோம்னும் மறைக்கல. புத்தகத்துக்கும் அதே ரெண்டு நேர்மை போதும். ஒண்ணு, இது யார் எழுதினது, கல்கி எழுதினதா, தொடர்ச்சியா, சுருக்கமான்னு அட்டையிலேயே தெளிவா இருக்கணும். ரெண்டு, பழைய கதையில எதை வெச்சுக்கிட்டோம், எதை மாத்தினோம்னு முன்னுரையில சொல்லணும். இது இல்லாத புத்தகத்தைப் பார்த்தா, கதை நல்லா இருந்தாலும், அதைக் கருத்துல சொல்லுங்க. வாசகரா நாம செய்யக்கூடிய உருப்படியான வேலை அது.

கம்பன் ஊர்க்காரங்க சொல்லலாமா இதை?

"அசலை மாத்தவே கூடாது"ங்கிற கட்சிக்கு, காரைக்குடியிலிருந்து பேசுற நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். இங்கே சா. கணேசன் 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்சார். இன்னைக்கும் பங்குனியில கம்பன் திருநாள் நடக்குது, கம்பன் சமாதின்னு நாட்டரசன்கோட்டைக்குப் போறோம். கம்பன் செஞ்சது என்ன? வால்மீகியில ராவணன் சீதையைக் கையால தூக்கிட்டுப் போறான். கம்பன்ல தொடாம, குடிசையோட நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். இரணியன் வதைப் படலம்னு வால்மீகியில இல்லாத ஒரு படலத்தையே சேர்த்தார். வால்மீகி ரசிகர் ஒருத்தர் அன்னைக்கு "இது எங்க ராவணன் இல்ல"ன்னு சொல்லியிருந்தா அது உண்மைதான்.

அந்த மாற்றங்களைப் பத்தி நம்ம ஊர் மேடையில எண்பது வருஷத்துக்கு மேல விவாதம் நடக்குது. அங்கே "கம்பன் வால்மீகி மாதிரி இல்ல"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தா யாரும் கைதட்ட மாட்டாங்க. "ஏன் மாத்தினார், அதனால என்ன கிடைச்சுது?"ன்னு பாட்டை வெச்சுப் பேசணும். விக்கிரமனைக் கம்பனோட தட்டுல வைக்கச் சொல்லல. அதே கேள்வியை விக்கிரமன்கிட்டயும் கேட்கச் சொல்றேன், அவ்வளவுதான்.

அப்போ படிக்கலாமா, வேண்டாமா?

சுருக்கமா சொல்றேன். ஒரு தொடர்ச்சி நாவலை எடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. இது எந்த வேலைக்கு வந்துச்சு: இடைவெளியை நிரப்பவா, புது நாயகனைச் சொல்லவா, பழைய கதையை மறுக்கவா? ஆள் மாறியிருந்தா, மாறினதுக்குக் காரணம் பக்கத்துல இருக்கா? மறுக்கிறது கல்கியையா, கல்வெட்டையா?

வரிசை கேட்டா, நான் சொல்றது இது. பொன்னியின் செல்வன் முடிச்ச கையோட நந்திபுரத்து நாயகிக்குப் போகாதீங்க. முதல்ல வேங்கையின் மைந்தன். வேற குரலுக்குக் காது பழகும், நாப்பது வருஷம் தள்ளி நின்னு பார்ப்பீங்க. அப்புறம் நந்திபுரத்து நாயகி. அதைக் கல்கியோட ஆறாம் பாகமா எடுக்காம, கல்கியை ரொம்பப் படிச்ச ஒரு பத்திரிகை ஆசிரியர் தன் கேள்விகளுக்குத் தானே எழுதிக்கிட்ட பதிலா எடுங்க. குந்தவை நடுவுல நின்னு ஒரு ராஜ்ஜியத்தைப் பார்க்கிறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை இருந்தா, அதுல உங்களுக்கு விஷயம் இருக்கு. வந்தியத்தேவன் சிரிப்புக்காகப் போறீங்கன்னா, புது வெள்ளத்தையே திரும்ப எடுத்துடுங்க. உடையாருக்கு நேரம் வேணும், நிதானமா வாங்க. சங்கதாராவைக் கடைசியில வையுங்க. எதை மறுக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது சுவைக்கும்.

நீங்க எந்தக் கூடை? குரலா, ஆளா, வரலாறா? பிடிக்கலன்னு எழுதினா, எந்த இடத்துலன்னு பாகம், அத்தியாயத்தோட எழுதுங்க. அடுத்த எபிசோட்ல நல்ல வாதங்களை எடுத்து வாசிக்கிறேன். அதுவரைக்கும், வரட்டுமா?